6 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட்: உதிரி டிரான்சிஸ்டர்களால் ஒரு எல்டிஓ ரெகுலேட்டர்

எமர்ஜென்சி விளக்குகளுக்குள் வரும் 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று. 5 வோல்ட்டில் ஓடும் மீடியம் வேவ் ரேடியோ பலகை ஒன்று, அதோடு ஒரு சின்ன ஆடியோ ஆம்ப்ளிஃபயர், ஒரு டிஸ்ப்ளே. எல்லாம் சேர்ந்து உச்சத்தில் 300 மில்லி ஆம்பியர் இழுக்கும். அந்தப் பேட்டரியிலிருந்து இந்தப் பலகைக்கு நிலையான 5 வோல்ட் கொடுப்பதுதான் வேலை. 6-லிருந்து 5 எடுப்பது பெரிய விஷயமா என்று தோன்றும். எண்களை எழுதிப் பார்த்தால்தான் இடம் எவ்வளவு குறுகல் என்று தெரியும்.

இது மூன்று செல் பேட்டரி. முழுதாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும்போது சுமார் 6.4 வோல்ட். சார்ஜரிலேயே விட்டுவைத்தால் 6.9 வரை போகும். காலியாகும்போது செல்லுக்கு 1.75 வோல்ட், அதாவது மொத்தம் 5.25 வோல்ட்டில் நிறுத்திவிட வேண்டும். அதற்கும் கீழே இறக்கினால் பேட்டரிக்குக் கேடு. ஆக, ரெகுலேட்டருக்குக் கிடைக்கும் இடைவெளி தொடக்கத்தில் 1.4 வோல்ட், முடிவில் வெறும் கால் வோல்ட்.

எல்லோர் கைக்கும் முதலில் வரும் ரெகுலேட்டர் ஐசியான 7805-க்கு உள்ளீடு வெளியீட்டைவிட ஏறக்குறைய 2 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். புத்தம் புதிதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியிலேயே அது தோற்றுவிடும். ஏஎம்எஸ்1117 கொஞ்சம் பரவாயில்லை, 1.1 முதல் 1.3 வோல்ட் போதும். ஆனால் பேட்டரி 6.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் அதன் கதையும் முடிந்தது. ஸ்விட்சிங் மாட்யூல் போட்டால் திறன் கூடும், ஆனால் அதன் இரைச்சல் மீடியம் வேவ் பட்டையிலேயே வந்து விழும். பக்கத்தில் ஒரு மலிவான மொபைல் சார்ஜரைச் செருகினால் பழைய ரேடியோ எப்படி இரையும் என்று கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

எல்எம்2940 போன்ற எல்டிஓ ஐசி, அதாவது உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே சிறிய இடைவெளியே போதும் என்ற ரகம், இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1 ஆம்பியரில் அதன் டிராப்அவுட் (வேலை செய்யத் தேவையான குறைந்தபட்ச இடைவெளி) வழக்கமாக அரை வோல்ட், 100 மில்லி ஆம்பியரில் 110 மில்லிவோல்ட். அவசரம் என்றால் அதை வாங்கிப் போடுங்கள். உதிரி பாகங்களில் கட்டுவதன் பலன் வேறு: அந்த ஐசியின் தரவுத்தாளில் வெளியீட்டு கெபாசிட்டர் பற்றி ஏன் அவ்வளவு கறாராக எழுதியிருக்கிறார்கள் என்பது, கட்டிப் பார்த்தால்தான் உறைக்கும்.

அந்த 2 வோல்ட் எங்கே போகிறது

7805-க்குள் மின்னோட்டத்தைக் கடத்தும் டிரான்சிஸ்டர் என்பிஎன் வகை, எமிட்டர் ஃபாலோயராக நிற்கிறது. வெளியீடு எமிட்டரில். அப்படியானால் பேஸ் வெளியீட்டைவிட 0.65 வோல்ட் மேலே இருக்க வேண்டும். டார்லிங்டன் ஜோடி என்பதால் அது இரண்டு மடங்கு. அந்த பேஸுக்கு மின்னோட்டம் தரும் பகுதிக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். கூட்டினால் 2 வோல்ட் வந்துவிடுகிறது.

பிஎன்பி டிரான்சிஸ்டரைத் திருப்பிப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. எமிட்டர் பேட்டரிப் பக்கம், கலெக்டர் வெளியீட்டுப் பக்கம். பேஸைத் தரையை நோக்கி இழுத்தால் போதும், அதற்கு 5 வோல்ட் தாராளமாக இருக்கிறது. மிஞ்சும் இழப்பு டிரான்சிஸ்டரின் செறிவு வோல்டேஜ் (முழுதாகத் திறந்த பிறகும் எமிட்டருக்கும் கலெக்டருக்கும் இடையே நிற்பது) மட்டும், அதாவது வோல்ட்டில் ஒன்றிரண்டு பத்தில் ஒரு பங்கு.

இதற்குக் கொடுக்கும் விலைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். எமிட்டர் ஃபாலோயரில் வெளியீடு கொஞ்சம் தாழ்ந்தால் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் தானாகக் கூடி, டிரான்சிஸ்டர் தானே அதிகம் கடத்தும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கலெக்டரில் வெளியீடு எடுக்கும்போது அந்த நல்ல குணம் போய்விடுகிறது. கலெக்டர் ஒரு மின்னோட்ட ஊற்று. வெளியே என்ன வோல்டேஜ் இருக்கிறது என்று அதற்குக் கவலையே இல்லை. நிலையாக வைக்கும் முழுப் பொறுப்பும் ஃபீட்பேக் சுற்றின் தலையில் விழுகிறது. வெளியே இணைக்கும் சுமையும் கெபாசிட்டரும் அந்தச் சுற்றின் உறுப்புகளாகிவிடுகின்றன.

சுற்று

கடத்தும் டிரான்சிஸ்டருக்கு டிப்42 எடுத்தேன். 6 ஆம்பியர் தாங்கும் ஆளை 300 மில்லி ஆம்பியருக்கு வைப்பது அதிகம்போலத் தோன்றும். ஆனால் அதன் தரவுத்தாளில் 0.3 ஆம்பியரில் மின்னோட்டப் பெருக்கம் குறைந்தது 30 என்று நமக்கு வேண்டிய இடத்திலேயே எண் இருக்கிறது. பெரிய டிரான்சிஸ்டரைச் சிறிய மின்னோட்டத்தில் ஓட்டினால் செறிவு வோல்டேஜும் குறையும்.

வெளியீட்டை அளந்து முடிவெடுக்க ஒரு ஒப்பீட்டு வோல்டேஜும் பிழைப் பெருக்கியும் வேண்டும். டிஎல்431 என்ற ஐசி இரண்டையும் தன்னுள் வைத்திருக்கிறதே, அதன் கேதோடை நேராக பிஎன்பியின் பேஸில் கட்டிவிடலாமே என்ற யோசனை பலருக்கும் வரும். அது நடக்காது. வெளியீடு கூடினால் டிஎல்431 அதிகம் இழுக்கும். பிஎன்பியின் பேஸை அதிகம் இழுத்தால் வெளியீடு இன்னும் கூடும். ஃபீட்பேக்கின் திசை தலைகீழ். எனவே டிஎல்431-ஐ வெறும் 2.495 வோல்ட் ஒப்பீடாக வைத்துக்கொண்டு, பிழைப் பெருக்கியைத் தனியாகக் கட்ட வேண்டும்.

மிக எளிய வழி இரண்டு என்பிஎன் டிரான்சிஸ்டர்களின் ஜோடி, ஒன்றின் கலெக்டர் நேராக டிப்42-இன் பேஸை இழுக்கும்படி. மூன்றே டிரான்சிஸ்டர், அழகாக வேலை செய்யும். ஆனால் பேஸுக்கு 15 மில்லி ஆம்பியர் வேண்டும் என்றால் ஜோடியின் பொது எமிட்டர் மின்னோட்டமும் 15 மில்லி ஆம்பியராக இருக்க வேண்டும். அது சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ரேடியோவை அணைத்துவிட்டு ரெகுலேட்டரை மட்டும் விட்டுவைத்தால் 4.5 ஆம்பியர்-மணி பேட்டரி 300 மணி நேரத்தில், பன்னிரண்டரை நாளில், தீர்ந்துவிடும். எனக்கு அது ஒப்பவில்லை.

அதனால் ஒரு டிரான்சிஸ்டரைக் கூட்டினேன். இணைப்பு இப்படி: டிப்42-இன் எமிட்டர் பேட்டரியின் பிளஸ், கலெக்டர் வெளியீடு, பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 1 கிலோ ஓம். பேஸை இழுக்க ஒரு பிசி547, அதன் எமிட்டரிலிருந்து தரைக்கு 100 ஓம். பிழைப் பெருக்கி இரண்டு பிசி557. அவற்றின் எமிட்டர்கள் இரண்டும் சேர்ந்து 2.2 கிலோ ஓம் வழியாக பேட்டரி பிளஸுக்கு. ஒன்றின் பேஸ் டிஎல்431-இல், கலெக்டர் நேராகத் தரையில். மற்றதன் பேஸ், வெளியீட்டிலிருந்து தரைக்குப் போகும் இரண்டு 10 கிலோ ஓம்களின் நடுவில். இதன் கலெக்டர் பிசி547-இன் பேஸுக்குப் போகிறது, அங்கிருந்து தரைக்கு 4.7 கிலோ ஓம். டிஎல்431-க்கு மின்னோட்டம் பேட்டரியிலிருந்து இன்னொரு 2.2 கிலோ ஓம் வழியாக வருகிறது. இரண்டு 10 கிலோ ஓம்களும் 1 சதவீத ரகமாக இருக்கட்டும், வெளியீட்டின் துல்லியம் அவற்றின் கையில்தான். டிஎல்431-க்குக் குறுக்கே நல்லதுக்கென்று கெபாசிட்டர் எதுவும் போட வேண்டாம். சில மதிப்புகளில் அதுவே ஆசிலேட்டராக மாறிவிடும்.

வெளியீடு தாழ்ந்தால் நடப்பதைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். நடுப்புள்ளி 2.495-க்குக் கீழே போகிறது, அந்தப் பக்கத்து பிசி557 அதிகம் கடத்துகிறது, பிசி547-இன் பேஸ் உயர்கிறது, அது டிப்42-இன் பேஸைக் கூடுதலாக இழுக்கிறது, வெளியீடு மேலே வருகிறது. திசை சரி.

சுமை இல்லாதபோது இழுப்பது, 6.4 வோல்ட்டில், டிஎல்431-க்கு 1.8, ஜோடிக்கு 1.5, 1 கிலோ ஓமுக்கு 0.65, இரண்டு 10 கிலோ ஓம் பிரிப்பானுக்கு 0.25 மில்லி ஆம்பியர். கூட்டினால் 4.2-ஐத் தாண்டாது. பன்னிரண்டரை நாள் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது.

டிஎல்431-ஐ ஏன் சுத்தமான வெளியீட்டிலிருந்து ஊட்டாமல் பேட்டரியிலிருந்து ஊட்டினேன் என்று கேட்கலாம். புத்தகங்கள் பெரும்பாலும் வெளியீட்டிலிருந்துதான் ஊட்டச் சொல்லும். இந்தச் சுற்றில் அது ஆபத்து. சுமையோடு சேர்த்து ஆன் செய்யும் கணத்தில் வெளியீடு பூஜ்யம், ஒப்பீடும் பூஜ்யம். ஒப்பீட்டுப் பக்கத்து பிசி557-இன் எமிட்டர் 0.65 வோல்ட்டில் உட்கார்ந்துகொண்டு ஜோடியின் மின்னோட்டத்தை எல்லாம் தரைக்குக் கடத்திவிடும். பிசி547-க்கு விழிக்கப் போதுமான வோல்டேஜே வராது, ரெகுலேட்டர் பூஜ்யத்திலேயே முடங்கிக் கிடக்கும். பேட்டரியிலிருந்து ஊட்டினால் ஒப்பீடு முதல் கணத்திலேயே 2.495-க்கு வந்துவிடும், தொடக்கம் உறுதி. பேட்டரியில் ரிப்பிள் இல்லை என்பதால் இழப்பும் ஒன்றுமில்லை.

அளவுகள்

ஜோடியின் இரு பக்கமும் சம மின்னோட்டத்தில் ஓடுவதில்லை. கணக்குப்படி, சுமை இல்லாதபோது ஃபீட்பேக் பக்கம் 0.15 மில்லி ஆம்பியர், முழுச் சுமையில் 0.3 சொச்சம். இந்த வித்தியாசத்துக்கு பேஸ்-எமிட்டர் வோல்டேஜில் 25 மில்லிவோல்ட் அசைவு, அது வெளியீட்டில் இரட்டித்து 50 மில்லிவோல்ட். அதாவது சுமையற்ற நிலையில் 5.1-ஐ ஒட்டியும், முழுச் சுமையில் 5.05-ஐ ஒட்டியும் நிற்கும். 5 சதவீத எல்லைக்குள் வசதியாக இருக்கிறது. ரேடியோவுக்கு இது ஏராளம். ஏடிசிக்கு (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சுற்று) ஒப்பீடாக இந்த 5 வோல்ட்டை வைக்க நினைப்பவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும்.

டிராப்அவுட்டைச் சோதிக்க 15 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சுமையாக வைத்து, பெஞ்ச் சப்ளையை 7 வோல்ட்டிலிருந்து மெல்ல இறக்கினால் போதும். உள்ளீடு 5.2 அளவுக்கு வரும் வரை வெளியீடு அசையாது. அதன் பிறகு இரண்டும் 0.15 வோல்ட் போன்ற இடைவெளியில் சேர்ந்து இறங்கும். பேட்டரியின் கடைசி எல்லையான 5.25-இல் இன்னும் ரெகுலேஷன் இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

இந்தச் சோதனையின்போது உள்ளீட்டு மின்னோட்டத்தையும் கவனியுங்கள். டிராப்அவுட்டில் விழுந்ததும் பிழைப் பெருக்கி "இன்னும் கொடு, இன்னும் கொடு" என்று பிசி547-ஐ உச்சத்துக்குத் தள்ளும். அதன் எமிட்டர் 2.3 வோல்ட் அளவில் போய் முட்டும். 100 ஓம் வழியாக 23 மில்லி ஆம்பியர் தரைக்கு ஓடும், சுமை ஒன்றுமே இல்லாவிட்டாலும். பேட்டரி மிகவும் களைத்திருக்கும் நேரத்தில்தான் ரெகுலேட்டர் அதிகம் குடிக்கிறது! பிஎன்பி வகை எல்டிஓ ஐசிகள் பலவற்றிலும் இதே குணம் உண்டு. ஆகவே 5.25 வோல்ட்டில் பேட்டரியைத் துண்டிக்கும் தனிச் சுற்று ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

சூடு பெரிய பிரச்சினை இல்லை. சார்ஜரோடு 6.9 வோல்ட்டில் ஓடினால் 1.9 வோல்ட் பெருக்கல் 0.3 ஆம்பியர், 0.57 வாட். ஹீட் சிங்க் இல்லாத டிப்42-க்கு வாட்டுக்கு 62.5 டிகிரி என்ற கணக்கில் 36 டிகிரி ஏறும். மே மாதத்து 40 டிகிரி அறையில்கூட உள்ளே 80-ஐ எட்டாது.

ஆட்டம் எப்போது தொடங்குகிறது

இப்போது கெபாசிட்டர். ஃபீட்பேக் சுற்றின் மொத்தப் பெருக்கத்தை முழுச் சுமையில் கணக்கிட்டேன், டிப்42-க்கு பெருக்கம் 50 என்று வைத்துக்கொண்டு. ஏறக்குறைய 140 வருகிறது. இந்தப் பெருக்கம் அதிர்வெண் கூடக் கூடக் குறைந்து 1-க்கு வரும் இடத்தில், சுற்றில் எவ்வளவு ஃபேஸ் தாமதம் சேர்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. தாமதம் 180 டிகிரியை நெருங்கினால் ஆசிலேஷன்.

தாமதம் வரும் இடங்கள் இரண்டு. ஒன்று வெளியீடு: 16.7 ஓம் சுமையும் 100 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் 95 ஹெர்ட்ஸில் சரிவு தொடங்கும். இரண்டாவது டிப்42 தானே. தரவுத்தாள் அதற்கு 3 மெகாஹெர்ட்ஸ்தான் உறுதி தருகிறது. பெருக்கம் 50 என்றால் 60 கிலோஹெர்ட்ஸிலேயே அது தளரத் தொடங்கும். பிசி547-இன் பேஸில் இன்னொரு தாமதம் உண்டு, ஆனால் அது மெகாஹெர்ட்ஸ்களில்.

100 மைக்ரோஃபாரட் இருக்கும்போது 140 பெருக்கல் 95, அதாவது 13 கிலோஹெர்ட்ஸ் சொச்சத்தில் பெருக்கம் 1-க்கு வந்துவிடுகிறது. டிப்42 தளரும் இடம் இன்னும் தூரத்தில் இருக்கிறது. ஃபேஸ் மார்ஜின், அதாவது 180-ஐ எட்ட மிச்சமிருக்கும் இடைவெளி, 75 டிகிரிக்கு மேல். கல் மாதிரி நிற்கும்.

அதே இடத்தில் ஒரே ஒரு 1 மைக்ரோஃபாரட் செராமிக் மட்டும் இருந்தால்? வெளியீட்டின் சரிவு 9.5 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்கும். பெருக்கம் 1-க்கு வருவதற்கு முன்பே டிப்42 தளர்ந்துவிடும். இரண்டு சரிவும் சேர்ந்து 280 கிலோஹெர்ட்ஸ் அருகே 1-ஐத் தொடும்போது, மிஞ்சும் மார்ஜின் வெறும் 14 டிகிரி அளவு. பிசி547-இன் சின்னத் தாமதத்தையும், இணைப்புக் கம்பிகளையும் சேர்த்தால் அதுவும் போச்சு. ஆசிலோஸ்கோப் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், இந்த வேலைக்கு ரேடியோவே போதும். 280-இன் இரண்டாவது ஹார்மோனிக் 560-இலும், மூன்றாவது 840-இலும், நேராக மீடியம் வேவ் பட்டைக்குள். சோதனைக்கு 100 மைக்ரோஃபாரடைக் கழற்றினால், டயலைத் திருப்பும்போது நிலையங்களின் மேல் விசில் ஏறுவது கேட்கும். வால்யூமைக் கூட்டினால் சுமை மாறும், விசிலின் சுருதியும் மாறும்.

சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கின் உள் மின்தடை, அதாவது இஎஸ்ஆர், இங்கே கெட்ட பெயர் எடுத்திருந்தாலும் உதவிக்கு வருகிறது. அரை ஓம் இஎஸ்ஆர் உள்ள 100 மைக்ரோஃபாரடில், 3.2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கெபாசிட்டர் வெறும் ரெசிஸ்டர் போல நடந்துகொள்கிறது, ஃபேஸ் தாமதத்தில் ஒரு 90 டிகிரியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பழைய எல்டிஓ ஐசிகளின் தரவுத்தாளில் இஎஸ்ஆர் இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்று வரைபடமே போட்டிருப்பார்கள். செராமிக்கில் இஎஸ்ஆர் சில மில்லி ஓம்தான், எனவே அந்த உதவி மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் வரும், யாருக்கும் பயன் இல்லாமல். உதவி இலவசமும் இல்லை: ஆம்ப்ளிஃபயர் திடீரென 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் அரை ஓமில் 150 மில்லிவோல்ட் உடனே விழும்.

கவனிக்க வேண்டியது, ரேடியோ பலகையிலும் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. வெளியீட்டில் இஎஸ்ஆர் கூடிப்போன ஒரு பழைய 100 மைக்ரோஃபாரட், பலகையில் 10 மைக்ரோஃபாரட் செராமிக் என்றால், மேல் அதிர்வெண்களில் ரெகுலேட்டருக்குத் தெரிவது அந்த செராமிக் மட்டும்தான். தனியாகச் சோதித்தபோது சாதுவாக இருந்தது பலகையோடு சேர்ந்ததும் ஆடுவது இதனால்தான். 10 மைக்ரோஃபாரடில் இந்தச் சுற்றுக்கு 35 டிகிரி அளவு மார்ஜின் இருக்கும், ஆடாது, ஆனால் ஒவ்வொரு சுமை மாற்றத்துக்கும் அதிரும். நான் 220 மைக்ரோஃபாரட் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறேன்.

ஷார்ட் ஆனால்

வெளியீடு தரையோடு ஒட்டிக்கொண்டால் 23 மில்லி ஆம்பியர் பேஸ் மின்னோட்டமும் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெருக்கமும் சேர்ந்து 1 ஆம்பியரைத் தாண்டும். டிப்42-க்குள் 7 வாட்டுக்கு மேல். ஹீட் சிங்க் இல்லாமல் அது நிலைக்காது. வழக்கமான மின்னோட்டக் கட்டுப்பாடு, ஒரு ரெசிஸ்டரில் 0.65 வோல்ட் விழுந்ததும் ஒரு டிரான்சிஸ்டர் குறுக்கிடுவது. 0.4 ஆம்பியரில் கட்டுப்படுத்த 1.6 ஓம் வேண்டும். அதில் 300 மில்லி ஆம்பியருக்கே கிட்டத்தட்ட அரை வோல்ட் போய்விடும். பாடுபட்டுச் சேர்த்த கால் வோல்ட் எங்கே, இது எங்கே! பேட்டரி பிளஸில் ஒரு ஃபியூஸ் போட்டேன். அதன் மின்தடையும் கொஞ்சம் தின்னும், ஃபியூஸ் உடனே அறுந்துவிடும் என்ற உறுதியும் இல்லை. எனவே சின்னதாக ஒரு ஹீட் சிங்க்கும் சேர்த்துவிடுவது நல்லது. இந்தச் சுற்றின் பலவீனமான பகுதி இதுதான். 0.1 ஓமில் விழும் சில பத்து மில்லிவோல்ட்டை ஆப்-ஆம்ப் வைத்து அளந்தால் தீரும், ஆனால் அதற்குள் எல்எம்2940 வாங்கியிருக்கலாம்.

மாஸ்ஃபெட் போட்டால்

டிப்42-க்குப் பதில் பி-சேனல் மாஸ்ஃபெட் போடலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. போடலாம், ஆனால் 4.5 வோல்ட் கேட் வோல்டேஜிலேயே முழுதாகத் திறக்கும் ரகமாகப் பார்த்து. ஐஆர்எஃப்9540என் போன்றவற்றின் 0.1 ஓம் சொச்சம் 10 வோல்ட் கேட்டுக்கான எண், நம் பேட்டரியில் அது கிடைக்காது. ஐஆர்எல்எம்எல்6402-க்கு 4.5 வோல்ட்டில் அதிகபட்சம் 65 மில்லி ஓம். 300 மில்லி ஆம்பியரில் இழப்பு 20 மில்லிவோல்ட். பேஸ் மின்னோட்டம் என்பதே இல்லை, டிராப்அவுட்டில் 1 கிலோ ஓம் வழியாகப் போகும் 5 மில்லி ஆம்பியரோடு முடிந்துவிடும். அரிசி அளவு பெட்டிக்குள் அரை வாட்டுக்கு மேல் என்பதால் சூட்டை இழுக்க பிசிபியில் நல்ல செம்புப் பரப்பு வேண்டும். டிப்42-இன் 60 கிலோஹெர்ட்ஸ் இடத்தில் இப்போது 633 பிகோஃபாரட் கேட்டும் 1 கிலோ ஓமும் சேர்ந்த 250 கிலோஹெர்ட்ஸ் வந்து உட்காரும். மின்னோட்டப் பெருக்கத்தின் இடத்தில் மாஸ்ஃபெட்டின் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் வரும், அது சுமையோடு மாறிக்கொண்டே இருக்கும். எனவே ஃபேஸ் கணக்கை மெல்லிய சுமைக்கும் முழுச் சுமைக்கும் தனித்தனியாக மறுபடி போட்ட பிறகே கெபாசிட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.